கோணிப்பையோடு இறங்கியவன்

புகை போட்ட ரப்பரின் வாசத்தை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஈர விறகும் கருவாடும் எரிந்த வெல்லமும் ஒன்றாகக் கலந்து, துணியில் ஏறி, தலைமுடியில் ஏறி, மூன்று முறை குளித்தாலும் போகாமல் கூடவே படுத்துத் தூங்கும் வாசம் அது. எனக்கு அந்த வாசம் நினைவுக்கு வந்தால் தோட்டம் ஞாபகம் வருவதில்லை; ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் வருகிறது. கறுப்பும் வெளுப்புமாக, ஒரு வீட்டுச் சுவர் அளவுக்குப் பெரிய முகம். அது எதையோ கேட்க வாய் திறக்கும், கேட்காமலே அணைந்துபோகும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இன்று சிரம்பான் ரஹாங்கில் சொந்த வீடு, என் பெயர் எழுதிய லாரிகள், நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்கும் வங்கி மேனேஜர் எல்லாம் இருக்கின்றன. யாரும் கொடுத்ததில்லை, நானே உண்டாக்கியது. ஆகவே எழுத்தில் பிழை கண்டால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், சிரம்பானிலிருந்து கோலா பிலா போகும் சாலையில் இருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் வந்ததும், சிதறிக் கிடந்த லயத்து வீடுகளை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். காலையில் பால் வெட்டப் போகும்போது கேட்டில் நிற்க வைத்துத் தடவிப் பார்ப்பார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, பால் வெட்டும் மர நிரைக்குச் சோறு கொண்டுபோகக்கூட விடமாட்டார்கள். பொழுது சாயுமுன் எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும். "கர்பியூ" என்ற சொல்லை நான் "அம்மா" என்ற சொல்லுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்டிருப்பேன்.

என் அம்மா அஞ்சலை. அப்பா முகம் எனக்குத் தெரியாது. நான் நடை பழகிய நாட்களில், ஜப்பான்காரன் காலத்தில், ரயில் பாதை போட "சயாமுக்கு" என்று ஏற்றிக்கொண்டு போன ஆட்களில் அவர் ஒருவர். போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். சிலர் செத்த சேதி வந்தது. அப்பாவைப் பற்றி எதுவும் வரவில்லை. அம்மாவின் கழுத்தில் தாலி கிடந்தது. மஞ்சள் கயிறு நைந்தால் புதுக்கயிறு மாற்றுவாள். தோட்டத்துப் பெண்களில் அவள் சுமங்கலியா இல்லையா என்று யாருக்கும் தெரியாததால், கல்யாண வீட்டில் அவளை ஆரத்தி எடுக்கவும் கூப்பிட மாட்டார்கள், ஒதுங்கி நில் என்றும் சொல்ல மாட்டார்கள். அவளாகவே அடுப்படியில் போய் நின்றுகொள்வாள்.

அவளைக் கட்டிக்கொள்ள ஒருவர் கேட்டார். தோட்டத்து லாரி ஓட்டிய மாணிக்கம். அவரும் சயாம் போனவர்தான், திரும்பி வந்தவர். அவர் திரும்பியபோது மனைவி காய்ச்சலில் போய் வருஷமாகியிருந்ததாம். சிரம்பான் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கி, அழைத்துப்போக யாரும் இல்லாமல், தோட்டம் வரைக்கும் நடந்தே வந்தார் என்று சொல்வார்கள். அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. சயாமைப் பற்றிக் கேட்டால் லாரியின் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். அம்மாவும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள், என் அப்பாவை அங்கே பார்த்ததுண்டா என்று. ஒரே பதில்தான்: "அது பெரிய காடும்மா. நான் பாக்கல."

கங்காணி இந்தச் சம்பந்தத்துக்கு முன்நின்றார். பக்கத்து வீட்டு ராக்காயி அத்தையும் நல்லது என்றாள். "போனவனுக்காகப் பொழுதப் பாக்கலாம், உலையப் பாக்க வேணாமா?" என்பது அவளுடைய வாக்கு. ஆனால் கோயிலில் வைத்துப் புதுத்தாலி கட்ட வேண்டுமென்றால் பழைய தாலியை முதலில் கழற்ற வேண்டும். அம்மாவுக்கு அங்கேதான் இடித்தது. "அந்த மனுசன் எங்கயாச்சும் மூச்சு விட்டுக்கிட்டுக் கெடந்தா? நான் இங்க கழட்டுனா அங்க அது நின்னுராதா?" என்று கேட்பாள். கங்காணி வெற்றிலையை மடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

அந்தச் சமயத்தில்தான் படம் வந்தது.

வெள்ளைக்காரர்கள் கிளப்பில் பார்க்க வரவழைத்த இங்கிலீஷ் படம் அது. பெரிய துரையின் மனைவி, பாவம் இதுகளும் பார்க்கட்டும் என்று ஒரு மத்தியானம் எங்களுக்குப் போட ஏற்பாடு செய்தாள். பொழுது சாய்ந்தால் கர்பியூ. பகலில் போட்டால் படம் தெரியாது. ஆகவே ரப்பர் தாள்களுக்குப் புகை போடும் கூடத்தைக் காலி பண்ணினார்கள். சன்னல் இல்லாத உயரமான மரக்கூடம். கதவைச் சாத்தினால் அமாவாசை. ஆஸ்பத்திரி விரிப்புகளை ஒன்றாகத் தைத்து நடுவில் தொங்கவிட்டு, முன்பக்கம் ஆண்கள், பின்பக்கம் பெண்கள் என்று உட்கார வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் தெரிந்திருக்கும். நேராகத் தெரிந்தால் மட்டும் யார் படிக்கப் போகிறார்கள்?

சுவரில் ஏறியிருந்த புகை சூட்டில் கிளம்பி, படம் காட்டும் மிஷினிலிருந்து வந்த ஒளியில் ஊர்ந்தது. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஐயா தகரக் குழல் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் பேசுவதைத் தமிழில் சொன்னார். பாதி அவராகச் சொன்னதாக இருக்கலாம்; குறை சொல்லமாட்டேன், அவ்வளவு அழகாகச் சொன்னார்.

கதை இதுதான். சண்டைக் காலத்தில் ஒரு பட்டணம். ஆண்கள் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால் பெண்கள் பஸ் கண்டக்டர் வேலை பார்க்கிறார்கள். தொப்பி போட்டு, தோளில் தோல்பை மாட்டி, ஒரு பெண் மணிக்கயிற்றை இழுத்து பஸ்ஸையே கிளப்புவதைப் பார்த்ததும் எங்கள் பக்கத்தில் பெரிய சிரிப்பு. "இந்தா பாருடி, பொம்பள மண்டோரு!" என்று, வேலை வாங்கும் மேஸ்திரியைச் சொல்வதுபோல் சொன்னாள் ராக்காயி அத்தை. அந்த பஸ்ஸில் ஒரு சிப்பாய் ஏறுகிறான். அவள் கொடுத்த டிக்கெட்டைக் கசக்கி எறியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான் காதல். கட்டிப்பிடித்துப் பாட்டுப் பாடவில்லை. குண்டு விழுமென்று பட்டணம் முழுக்க விளக்கை அணைத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்குள் ஒரே ஒரு சின்ன விளக்கு, அதற்கும் மை பூசியிருக்கிறது. கடைசி நிறுத்தம் வரைக்கும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வருகிறார்கள். வண்டி குலுங்கும்போது வெளிச்சம் ஒருமுறை அவள் கன்னத்தில் விழுகிறது, ஒருமுறை அவன் கையில் விழுகிறது. பேச்சே இல்லை. கிராணி ஐயாவும் குழலை இறக்கிவிட்டார். அத்தனை பேர் இருந்த கூடத்தில் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு நான் கலர் படங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். என் பணத்தில் குடும்பத்தையே அழைத்துப்போய் முதல் வகுப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒன்றும் அந்த பஸ் விளக்குக்கு ஈடில்லை. கலர் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. அந்தப் படம் பாதியை இருட்டில் வைத்துக்கொண்டு மீதியை நம்மிடம் விட்டது. இருட்டில் இருந்த பாதியில் நாங்கள் எங்கள் ஆட்களை உட்கார வைத்துக்கொண்டோம்.

அவன் ரயில் ஏறிப் போகிறான். சன்னல் சன்னலாகத் தலைகள். அந்த ரயில் நகர்ந்தபோது எங்கள் பக்கத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள், பிறகு இன்னொருத்தி, பிறகு வரிசையாக. சயாமுக்கு ஆள் கொடுத்த பெண்கள் எத்தனை பேர் அங்கே இருந்தார்கள் என்று அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா சத்தம் போடவில்லை. தாலிக்கயிற்றை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள்.

சண்டை முடிகிறது. அவனைப் பற்றிச் சேதி இல்லை. அந்தப் பெண் தினமும் வேலை முடிந்து, அதே தொப்பியும் தோல்பையுமாக ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறாள். ஒரு நாள் புகையைக் கக்கிக்கொண்டு ரயில் வருகிறது. நிற்கிறது. கதவுகள் திறக்கின்றன. அவள் முகம் துணி முழுக்க நிறைகிறது, வாயைத் திறக்கிறாள்.

விளக்கைப் போட்டுவிட்டார்கள். நேரமாகிவிட்டது, காவலுக்கு வந்த சிப்பாய் லாரி இப்போதே கிளம்புகிறது, அதோடு போகாவிட்டால் மிஷின்காரர் சிரம்பானுக்குப் போக முடியாது. கடைசிச் சுருள் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. முடிவையாவது சொல்லிவிட்டுப் போ என்று கத்தினார்கள். "அடுத்த வாரம் வந்து போடறேன், பாத்துக்குங்க" என்று சிரித்துவிட்டு ஏறிப் போனார். அடுத்த வாரம் சாலையில் சுடுகிற சத்தம் அதிகமாகிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்குப் படமே வரவில்லை.

முடியாத படம் ஒரு தோட்டத்தை என்ன பாடுபடுத்தும் என்று பார்க்காதவர்களுக்குத் தெரியாது. விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிடும்போதும் அதே பேச்சு, குழாயடியிலும் அதே பேச்சு. வந்திருப்பான் என்று ஒரு கட்சி. வந்திருக்கமாட்டான், அதனால்தான் அந்தப் பொண்ணு வாயைத் திறந்தாள் என்று இன்னொரு கட்சி. எனக்குக் கனவில் அப்பா வர ஆரம்பித்தார். முகம் தெரியாத மனிதருக்கு அந்தச் சிப்பாயின் முகம் ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரனாக வந்து, தொப்பியைக் கழற்றி, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் சொல்ல நான் வாய் திறப்பேன். விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

கங்காணி மறுபடியும் அம்மாவிடம் கேட்க வந்தபோது அவள், "படம் முடியட்டும் கங்காணி, சொல்றேன்" என்றாள். அவர் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்தச் சொல் மாணிக்கத்தின் காதுக்குப் போனது. அவருடைய லாரிதான் ரப்பர் ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்குப் போகும். அங்கே ஏதோ கொட்டகையில் அந்தப் படம் ஓடுகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஒரு நாள் லாரி வழக்கத்தைவிடப் பிந்தி, கேட்டைச் சாத்தப் போகும் நேரத்தில் வந்தது. குழாயடியில் பெண்கள் கூட்டம். ராக்காயி அத்தை விடவில்லை.

"என்ன மாணிக்கம், படம் பாத்தியாமே?"

"பாத்தேன். டிக்கெட் எடுத்துப் பாத்தேன்."

"வந்தானா, வரலையா?"

மாணிக்கம் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். அம்மா குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தபடி குனிந்தே இருந்தாள். வரவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் நினைத்தது நடக்கும். நான் சின்னப் பெண்தான், ஆனாலும் எனக்கு அது தெரிந்திருந்தது. கணக்கில் நான் எப்போதுமே கெட்டிக்காரி.

"வந்துட்டான்" என்றார்.

குழாயடியே ஆரவாரித்தது. "சும்மா வந்துட்டான்னா ஆச்சா? காசு குடுத்துப் பாத்தவன் ஒழுங்கா சொல்லுலா!"

"எல்லாரும் எறங்கிப் போயிட்டாங்க. ஸ்டேசன் காலியாயிருச்சு. கடைசிப் பெட்டியிலருந்து எறங்குறான். தோள்ல கோணிப்பை. கால்ல புண்ணு, துணி சுத்தியிருக்கு. தூணப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான். யாராச்சும் வந்திருப்பாங்களான்னு தலை தூக்கிப் பாக்கப் பயம் அவனுக்கு. தரையவே பாக்குறான். அப்ப ரெண்டு காலு வந்து முன்னால நிக்குது. பொம்பள காலு."

"அப்பறம்?"

"அவ்வளவுதான்."

ராக்காயி அத்தைதான் பிடித்துக்கொண்டாள். "வெள்ளைக்காரனுக்கு ஏதுய்யா கோணிப்பை? அவன் தோல்பொட்டி இல்ல வச்சிருப்பான்! போற போக்குல அரிசி மூட்டை தூக்கிட்டு வந்தானா? கேட்டுல புடிச்சிருப்பானுங்களே!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சண்டைக்குப் போனவன்தானே அக்கா. பொட்டி தொலைஞ்சிருக்கும்" என்றார் மாணிக்கம். அம்மா மட்டும் நிமிர்ந்தாள். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. அத்தனை பேர் முன்னால் அவரிடம் அவள் நேராகப் பேசியது அன்றைக்குத்தான்.

"அந்த ரெண்டு காலு நெசமாவே வந்து நின்னுச்சா?"

அவர் லாரியில் ஏறிக்கொண்டார். "படத்துல நின்னுச்சு" என்றார். லாரியை நிறுத்தப் போய்விட்டார்.

சில நாள் கழித்து அம்மா கங்காணியைக் கூப்பிட்டுச் சம்மதம் சொன்னாள். தோட்டத்துக்கே குழப்பம். வந்துட்டான் என்றுதானே படம் முடிந்தது, அதைக் கேட்டுவிட்டு இவள் எப்படி இன்னொருவனுக்குச் சம்மதிக்கிறாள் என்று. எனக்கும் புரியவில்லை. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், பழைய தாலி கழுத்திலேயே இருக்கும். கோயிலில் பூசை செய்யும் பண்டாரம் அப்படி ஒரு வழக்கம் கிடையாது என்று மறுத்துவிட்டார். மாணிக்கம், "அது இருக்கட்டும். இதுவும் இருக்கட்டும்" என்று சொல்லி, முனீஸ்வரன் மரத்தடியில் வைத்து, பழைய தாலி கிடந்த கழுத்திலேயே தன் தாலியைக் கட்டினார். இரண்டு தாலியோடு இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இன்னொரு பெண் இருந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அவரை நான் சித்தப்பா என்று கூப்பிட்டேன். லயத்து வீட்டில் அவர் வாசல் கதவை ஒட்டித்தான் பாய் போட்டுப் படுப்பார், சாகும் வரைக்கும். அது அவசரகாலம், எல்லா வீட்டிலும் உள்தாழ் போட்டு மேலே கட்டையும் வைப்பார்கள். அவர் கட்டை வைக்க விடமாட்டார். "யாராச்சும் தட்டுனா நான்தான் தொறக்கணும்" என்பார். யார் தட்டுவார்கள் என்று நானும் கேட்டதில்லை, அம்மாவும் கேட்டதில்லை. ரோந்துச் சிப்பாய்கள் தட்டிய நாட்களில் அவர் எழுந்து திறக்கும் அந்த ஒரு நொடியில், அம்மாவின் மூச்சு நிற்பது பக்கத்தில் படுத்திருந்த எனக்குக் கேட்கும். என் அப்பா எங்கள் வீட்டில் இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை. சித்தப்பாதான் அவருக்கு இடம் வைத்திருந்தார்.

தம்பி பிறந்தான். மழை நாட்களில் சித்தப்பா அவனுக்கு அந்தப் படத்தைக் கதையாகச் சொல்வார். பஸ், டிக்கெட், மை பூசிய விளக்கு, ரயில், கோணிப்பை, இரண்டு கால். கேட்டுக் கேட்டு எனக்கு அந்தக் கடைசிக் காட்சி கண்ணால் பார்த்ததாகவே ஆகிவிட்டது. விரிப்புத் துணியின் தையல் அவன் தோளில் குறுக்கே விழுந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. சத்தியம் பண்ணியிருப்பேன்.

சென்ற மாதம் பேரன், "பாட்டி, பெயர் தெரியாட்டியும் கண்டுபிடிச்சிரலாம்" என்று சொல்லி, பஸ், சிப்பாய், ரயில் என்று எதை எதையோ தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தே விட்டான். ஹாலில் இருக்கும் பெரிய டிவியில் போட்டான். அதே முகம். இப்போது எழுத்து நேராக இருந்தது. ரயில் நான் பார்த்த திசைக்கு எதிர்த்திசையில் போனது. குளிர்பதனம் போட்ட வீட்டில் எனக்குப் புகை வாசம் அடித்தது.

ரயில் வந்தது, கதவுகள் திறந்தன, அவள் வாயைத் திறந்தாள். இந்த முறை யாரும் விளக்குப் போடவில்லை. ஆட்கள் இறங்குகிறார்கள்; கட்டிக்கொள்கிறார்கள்; போகிறார்கள். ஸ்டேஷன் காலியாகிறது. ஒரு கிழவர் வந்து பெட்டிக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துகிறார். கடைசிப் பெட்டியும் சாத்தப்படுகிறது. அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே நடக்கிறாள், தன் பஸ்ஸில் ஏறுகிறாள், ஒரு கணம் நின்று, மணிக்கயிற்றை இழுக்கிறாள். பஸ் போகிறது. அவ்வளவுதான்.

கோணிப்பை இல்லை. தூண் இல்லை. கால் இல்லை.

பேரன் எழுந்து போன பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். சிரம்பான் ஸ்டேஷனில் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி, தலை தூக்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர் யார் என்று எனக்கு இத்தனை வயதுக்கு மேல் தெரிந்தது. குழாயடியில் குடம் வழிந்தபோதே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. புகைக்கூடம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். அங்கே குடியிருப்பவர்களுக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரியாது. முள்கம்பியும் குழாயடியும் போய்விட்டன, கேட்டில் தடவிய கைகள் போய்விட்டன. வருவார் வருவார் என்று காத்திருந்த பெண்களும் ஒருத்தி விடாமல் போய்விட்டார்கள். என்னிடம் இருப்பது ஒரு வெற்றிலைப் பெட்டிக்குள் இரண்டு தாலி. எது எதுவென்று இப்போது அடையாளம் தெரியவில்லை. அம்மா கழுத்தில் உரசி உரசி இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்துவிட்டன.

தம்பி பகாவ் பட்டணத்தில் இருக்கிறான். லாரி ஓட்டிச் சம்பாதித்து நான்தான் அவனை இங்கிலீஷ் பள்ளியில் படிக்க வைத்தேன். வாத்தியாராகி ஓய்வும் பெற்றுவிட்டான். அவனுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். வியாபாரத்தில் நான் பொய் சொன்னதில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பேரன் சொல்லி அவனுக்குச் சேதி போய்விட்டது. மறுநாளே போன்.

"என்னாக்கா, படம் கெடச்சிருச்சாம்ல? கடேசி பாத்தியா? எறங்குனானா?"

"எறங்குனான்டா."

"கோணிப்பையோடயா?"

"கோணிப்பையோடதான்."

அந்தப் பக்கம் எழுபதைத் தாண்டிய கிழவன் ஒருவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அந்த ரெண்டு காலு வந்து நின்னுச்சாக்கா?"

"நின்னுச்சுடா" என்றேன்.